சூரியகாந்தி கிழக்கே பார்க்கும்: சுந்தரபாண்டியபுரத்தில் ரெண்டு நாள்

இந்த எபிசோட்ல நான் ஒரு பூவை ஒடிச்ச கதையைச் சொல்லப் போறேன். சும்மா ஒரு பூதானேன்னு நினைக்காதீங்க. அதுக்கு மறுநாள் காலைல ரெண்டரை மணி நேரம் தகரம் தட்ட வேண்டியதாப் போச்சு. ஏன்னு வரிசையா சொல்றேன்.

எங்க அம்மாவுக்கு ‘ரோஜா’ படம்னா உயிர். 1992-ல படம் வந்தப்ப அவங்களுக்கு 19 வயசு, விழுப்புரத்துல ஒரு தியேட்டர்ல பார்த்திருக்காங்க. இன்னைக்கும் டிவில அந்தப் படம் வந்தா, காஷ்மீர் ஆரம்பிச்ச உடனே எழுந்து சமையல்கட்டுக்குப் போயிடுவாங்க. அவங்களுக்கு வேண்டியது முதல் அரை மணி நேரம்தான். அந்த ஊர், அந்த வயல், அந்தப் பொண்ணு. போன ஆகஸ்ட்ல எனக்கு மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைச்சது. “எங்கம்மா போலாம்?”னு கேட்டேன். “அந்த ரோஜா ஊரு இருக்குல்ல, அங்க”ன்னாங்க.

படத்துல அந்த ஊர் பேரே சுந்தரபாண்டியபுரம். நிஜமாவே அப்படி ஒரு ஊர் இருக்கு. தென்காசியில இருந்து ஒரு பத்து கிலோமீட்டருக்குள்ள, ஒரு பேரூராட்சி. இங்க ஒண்ணு சொல்லிடணும். சினிமா ஊர் தேடிப் போறவங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, படம் ஊரைத் துண்டு துண்டா வெட்டித் தைக்கும். சின்னச் சின்ன ஆசை பாட்டை எடுத்துக்கோங்க. அது ஒரே ஊர்ல எடுத்தது இல்ல, ஒகேனக்கல் அருவியும் அதுக்குள்ள இருக்கு. அதே படத்தோட காஷ்மீர்ல பெரும்பகுதி குன்னூர், மணாலி பக்கம் எடுத்தது. இதை ரயில்ல அம்மாகிட்ட சொன்னேன். “அதனால என்னடா, ஊரு ஊருதானே”ன்னு சொல்லிட்டு லோயர் பெர்த்ல திரும்பிப் படுத்துட்டாங்க.

எழும்பூர்ல ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினா காலைல தென்காசி. சென்னையில இருந்து போறவங்களுக்கு அதுதான் வசதி. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் குற்றால சீசன்ங்கறதால டிக்கெட்டை ரொம்ப முன்னாடியே போடணும். இறங்கின உடனே ஒரு காத்து அடிக்கும் பாருங்க! செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடர்ல ஒரு இடைவெளி இருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து அது வழியா கேரளாவுல இருந்து சாரலைத் தள்ளிக்கிட்டு வருது. பெரிய மழையா இருக்காது. முகத்துல யாரோ ஸ்பிரே பண்ற மாதிரி இருக்கும், அஞ்சு நிமிஷத்துல வெயில் வந்துடும். சினிமாக்காரங்களுக்கு இந்த இடம் ஏன் பிடிச்சதுன்னு புரிஞ்சுக்க அந்த அஞ்சு நிமிஷம் போதும். மேற்குல மலை, மேல ஓடுற மேகம், கீழ குளமும் வயலும்.

முதல் நாள் சொதப்பல் எல்லாம் என்னோடது. மேப்ல யாரோ ஒரு வருஷம் முன்னாடி ‘சன்ஃபிளவர் ஃபீல்ட்’னு ஒரு பின் போட்டிருந்தாங்க. தென்காசியில ரூம் போட்டு, குளிச்சு, சாப்பிட்டு, ஆட்டோ பிடிச்சு நேரா அங்க போய் இறங்கினா, சின்ன வெங்காயம்! கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெங்காயம். பக்கத்துல நின்ன அண்ணாச்சி ஒருத்தர் சிரிக்கிறாரு. எங்களுக்கு முன்னாடியே ரெண்டு கார் அங்க வந்து திரும்பிப் போயிடுச்சாம். அது பூங்கா இல்லல்ல? போன வருஷம் சூரியகாந்தி போட்டவர் இந்த வருஷம் வெங்காயம் போடுவாரு, மக்காச்சோளம் போடுவாரு. மண்ணைப் பார்த்து, விலையைப் பார்த்து மாத்துவாரு. அதனால நீங்க போனா பின்னை நம்பாதீங்க, டீக்கடையில கேளுங்க. “இப்ப பூ எங்க நிக்குது?”ன்னு கேட்டாப் போதும், அடுத்த கேள்வி கேக்கறதுக்குள்ள கையைக் காட்டிடுவாங்க.

எனக்கு இன்னொரு தேடல் வேற இருந்தது, அந்நியன் பாறை. ஷங்கரோட ‘அந்நியன்’, 2005. அதுல ‘ரண்டக்க ரண்டக்க’ பாட்டை இந்தப் பக்கம்தான் எடுத்தாங்க. தெரு, வீடு, பாறைன்னு ஒண்ணு விடாம பெயிண்ட் அடிச்சு எடுத்த பாட்டு. நான் ஸ்கூல் படிச்சப்ப டிவில அது ஓடினா ஸ்கிரீனே வெடிக்கிற மாதிரி இருக்கும். பாறை மேல சினிமா நட்சத்திரங்களோட முகங்களைப் பெருசா வரைஞ்சிருந்தாங்க. ஷூட்டிங் முடிஞ்சு கிளம்பிட்டாங்க. ஆனா பாறைக்கு மட்டும் அந்தப் பேரு நின்னுபோச்சு. இருபது வருஷ வெயிலும் சாரலும் அந்த முகங்களைக் கரைச்சிருக்கு. நான் நின்ன இடத்துல இருந்து ஒருத்தரோட மீசையும் இன்னொருத்தரோட நெத்தியும் தெரிஞ்சது. எனக்கு என்னமோ புதுப் பெயிண்ட்டை விட இப்படி இருக்கறதுதான் பிடிச்சது. அம்மா பாறையைப் பார்க்கவே இல்ல. அதுக்குக் கீழ மேய்ஞ்சுட்டு இருந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்துட்டு இருந்தாங்க.

சரி, பூவுக்கு வரேன்.

டீக்கடைக்காரர் சொன்ன வயலுக்கு நாங்க போய்ச் சேர்ந்தப்ப சாயங்காலம் நாலரை. ரோட்டோரம் வண்டி வரிசையா நிக்குது, பாதிக்கு மேல கேரளா நம்பர். சீசன்ல அங்கிருந்து குடும்பம் குடும்பமா வர்றாங்க. நம்ம சென்னைக்காரங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு இந்த ஊர் தெரியும். வரப்போரம் ஒரு கயிறு கட்டி, ஒரு பையன் உட்கார்ந்து ஆளுக்கு இருபது ரூபா வாங்கிட்டு இருந்தான். கொடுத்துட்டு உள்ள போனா எனக்கு செம ஏமாற்றம். ஒரு பூவும் என்னைப் பார்க்கல! ஆயிரக்கணக்கான பூவும் எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது. எல்லாம் பச்சைக் காம்பு, பச்சை முதுகு. சூரியன் மேற்குல இருக்கு, இது ஏன் கிழக்கே பார்க்குதுன்னு புரியல. சூரியகாந்தின்னா சூரியன் பின்னாடியே திரும்பும்னுதானே நாம படிச்சோம்?

நான் என்ன பண்ணேன்னா, வரிசைக்கு நடுவுல இறங்கினேன். அம்மா கையில ஃபோனைக் கொடுத்துட்டு, ஒரு பெரிய பூவைப் பிடிச்சு, கேமராவைப் பார்க்கட்டும்னு மெதுவா திருப்பினேன். மெதுவாத்தான் திருப்பினேன். ‘டக்’னு ஒரு சத்தம். தலை என் கையில.

அம்மா ஃபோனை இறக்கிட்டாங்க. அவங்க மூஞ்சியை நான் அந்த மாதிரி ரொம்ப நாளாப் பார்த்ததில்ல. அவங்க மல்லாட்டை விளைஞ்ச வீட்டுல வளர்ந்தவங்க. தாத்தாவோட நிலத்துல காய்க்கிற நேரத்துல யாராவது குறுக்கே நடந்தா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். “என்னடா பண்ணிட்ட”ன்னு கேட்டாங்க, அவ்ளோதான்.

பக்கத்து வரப்புல இருந்து ஒரு ஆச்சி வந்தாங்க. எழுபது வயசுக்கு மேல இருக்கும். திட்டுவாங்கன்னு நினைச்சேன். கையை நீட்டி அந்தத் தலையை வாங்கினாங்க. “ஒடிச்சிட்டியளே தம்பி”ன்னாங்க. நடுவுல விரலால லேசா கீறி அம்மாகிட்ட காட்டினாங்க. உள்ள வெள்ளையா, மெத்துனு இருந்தது, பருப்பே பிடிக்கல. “ஒரு செடிக்கு ஒரு பூதான். இனி இது மாட்டுக்குத்தான்.”

இது எனக்கு சுத்தமா தெரியாது. நம்ம வீட்டு ரோஜாச் செடியில ஒண்ணைக் கிள்ளினா இன்னொண்ணு வரும். எண்ணெய்க்காகப் பயிரிடற சூரியகாந்தி அப்படி இல்ல. பொதுவா ஒரு தண்டு, அதுக்கு ஒரே ஒரு தலை. நாம ‘ஒரு பூ’ன்னு சொல்றது உண்மையில நூத்துக்கணக்கான குட்டிப் பூக்கள் சேர்ந்த ஒரு தட்டு. சுத்தி இருக்கற மஞ்சள் இதழ் தேனீயைக் கூப்பிடற விளம்பரப் பலகை மாதிரி, அதுல விதை வராது. நடுவுல இருக்கற பழுப்புப் பொடிப் பூக்கள் ஒவ்வொண்ணுலயும் தேனீ உட்கார்ந்தாத்தான் ஒவ்வொரு விதை நல்லாப் பிடிக்கும். நமக்கு ஃபோட்டோவுக்கு அழகா இருக்கற அதே வாரம்தான் அந்தப் பயிருக்கு முக்கியமான வாரம். நாம இடிச்சுக்கிட்டு உள்ள போறதும், ட்ரோன் விடறதும், குழந்தைங்க பூவைக் கிள்ளறதும் எல்லாம் அந்த வாரத்துல நடக்குது.

நான் பர்ஸை எடுத்தேன். ஆச்சி வேண்டாம்னுட்டாங்க. “துட்டு வேண்டாம். காலம்பற வந்து கிளி விரட்டுதியளா?”ன்னாங்க. விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நான் சிரிச்சேன். அம்மா, “வருவான்”னுட்டாங்க.

(சிரிப்பு) ஆமா, போனேன். காலைல ஆறு மணிக்கு. ஆச்சியோட இன்னொரு துண்டு நிலத்துல முன்னாடியே விதைச்ச சூரியகாந்தி இருந்தது. அங்க இதழ் எல்லாம் வாடி, தலை கவிழ்ந்து, விதை முத்திட்டு இருக்கு. அழகே கிடையாது, அதனால ஒரு டூரிஸ்ட்டும் கிடையாது. ஆனா கிளிக்கு அதுதான் சீசன். கூட்டமா வந்து தலையில தொங்கிக்கிட்டு விதையை உரிச்சுத் தின்னுது. பார்க்க அவ்வளவு அழகு, ஆனா ஒவ்வொரு கிளியும் எண்ணெயைக் குடிச்சுட்டுப் போகுது. ஒரு பழைய டின்னு, ஒரு குச்சி. நான் இந்த மூலையில தட்டினா அது அந்த மூலைக்குப் போகும், அங்க ஓடினா இங்க வரும். ஆச்சி இதை அறுவடை வரைக்கும் தினமும் காலையும் சாயங்காலமும் பண்றாங்க. எனக்கு ரெண்டரை மணி நேரத்துல தோள்பட்டை போச்சு.

எட்டரைக்கு விட்டாங்க. திரும்பி வரும்போது நேத்து பார்த்த வயல் வழியா வந்தோம். இப்ப நாங்க கிழக்குப் பக்கத்து வரப்புல நிக்கிறோம், முதுகுக்குப் பின்னாடி சூரியன். நிமிர்ந்து பார்க்கறேன், ஒட்டுமொத்த வயலும் என்னைப் பார்த்துட்டு நிக்குது. அதுக்குப் பின்னாடி மேற்குத் தொடர்ச்சி மலை, மேல மேகம். ரோட்டுல இருந்தே தெரியுது. ஒரு வரிசைக்குள்ளயும் இறங்க வேண்டியதில்ல.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். மொட்டா இருக்கறப்ப சூரியகாந்தி நிஜமாவே சூரியனைத் தொடர்ந்து திரும்பும், ராத்திரி மறுபடி கிழக்கே வந்துடும். தண்டோட ஒரு பக்கம் பகல்லயும் மறு பக்கம் ராத்திரியும் அதிகமா வளர்றதால வர்ற அசைவு அது. பூ மலர்ந்து வளர்ச்சி நின்ன உடனே கிழக்கே பார்த்தபடி நின்னுடும். காலை வெயில்ல சீக்கிரம் சூடாகற பூவுக்குத் தேனீ அதிகமா வருமாம். நான் சாயங்காலம் போய் எதைத் திருப்பப் பார்த்தேனோ, அதுக்குத் திரும்பவே தெரியாது. ஆச்சியைக் கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பாங்க. “காலம்பற வரணும்லா”ன்னு ரெண்டு வாட்டி சொன்னாங்க.

அதனால நீங்க போறதா இருந்தா ஜூலை கடைசி, ஆகஸ்ட், காலைல, கிழக்கு வரப்பு. கயிறு கட்டிக் காசு வாங்கினா பேரம் பேசாதீங்க. “வயலைப் பார்க்கக் காசா?”ன்னு கார்ல வந்து இறங்கின ஒருத்தர் சத்தம் போட்டுட்டு இருந்தாரு, எனக்குக் கூசிப்போச்சு. சினிமாவும் நம்ம ரீலும் இந்த ஊருக்குப் பேரு வாங்கிக் கொடுத்திருக்கு, சரி. அந்தப் பேரால விதையோட விலை ஒரு ரூபா ஏறாது. மிதிபடற செடி மட்டும் கூடும். அந்த இருபது ரூபாயை நான் டிக்கெட்டா நினைக்கல. உடையப் போற பூவுக்கு முன்பணம்னு வெச்சுக்கோங்க.

மீதி ஒண்ணரை நாளைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஐந்தருவியில கூட்டம், குளிச்சோம். ராத்திரி பார்டர்ல பரோட்டாவும் கோழியும், அதைச் சொல்ல ஆரம்பிச்சா தனி எபிசோட் ஆகும். தென்காசி கோயில் கோபுரத்துக்குக் கீழ நின்னா காத்து ஆளைத் தள்ளும், அம்மா புடவையைப் பிடிச்சுக்கிட்டு சின்னப் பொண்ணு மாதிரி சிரிச்சாங்க. என்கிட்ட இருக்கற நல்ல ஃபோட்டோ அதுதான்.

கிளம்பும்போது ஆச்சி, அம்மாவும் அவங்களும் வரப்புல உட்கார்ந்திருக்கற படத்தைப் பேரன் நம்பருக்கு அனுப்பச் சொன்னாங்க. ரயில்ல இருந்தே அனுப்பினேன். ஒரு மாசம் கழிச்சு அந்த நம்பர்ல இருந்து ஒரு படம் வந்தது. களத்துல காயப்போட்ட சூரியகாந்தித் தலைகள், கறுத்து, காஞ்சு, வரிசையா. கீழ ஒண்ணும் எழுதல. அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பெருசு பண்ணிப் பார்த்துட்டு, “பருப்பு நல்லாப் பிடிச்சிருக்கு”ன்னாங்க.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.