உடுப்பும் நாமும்

(பிள்ளைக்காம்பராவில் நடந்த மாதர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன கூட்டத்தில் ஓர் அம்மா எழும்பி, "மக கார்மெண்டுக்குப் போனதுலருந்து டெனிம் போட்டுக்கிட்டு லயத்துல நடக்குறா. நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டார். சொல்கிறோம். ஆனால் மகளுக்கு மட்டும் இல்லை.

நம்முடைய பழைய உடுப்பு என்பது எது? மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் பூட்டிமார் பலருக்கு ரவிக்கையே கிடையாது, ஒற்றைச் சேலைதான். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலே துணி போடும் உரிமைக்காக வருஷக்கணக்கில் அடிபட்டார்கள். 1859ல்தான் மகாராஜா இறங்கி வந்தார். ஆக, ரவிக்கையும் ஒரு காலத்துப் புது நாகரிகம்தான். அதையும் யாராவது கிழவி ஏசியிருப்பாள்!

மலையில் நாம் கட்டுவது வேறு கதை. சேலையைத் தூக்கிச் செருகி, இடுப்பில் படங்கைச் சுற்றி, தலையில் துண்டை மடித்து வைத்து அதன்மேல் கூடைக்கயிறு. படங்கு இல்லாவிட்டால் தேயிலை வாது சேலையைக் கிழிக்கும், பனி ஈரம் தொடையில் ஏறும். துண்டு இல்லாவிட்டால் கயிறு மண்டையை அறுக்கும். இப்போது சிலர் உள்ளே களிசான் போடுகிறார்கள், அட்டைக்கு நல்லது. தேயிலைப் பெட்டியில் பளபளப்பாகச் சிரிக்கிற பெண்ணை நாம் எந்த மலையிலும் கண்டதில்லை.

1984 வரை ஒரே நாள் வேலைக்கு ஆணைவிடப் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. அந்த வருஷ வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சமமாக்கினார்கள். அப்புறமும் பல வீடுகளில் சம்பளத்தை வாங்கியவர் புருஷன். தீபாவளிக்கு ஒரு சேலை. அதையும் அவரே எடுத்து வருவார். என்ன நிறம் வேண்டும் என்று நம்மை யார் கேட்டார்கள்?

1983 ஜூலையில் மாத்தளை டவுன் எரிந்தபோது பொட்டை அழித்தோம், தாலியை உள்ளே மறைத்தோம். பிறகும் எத்தனையோ காலம் பஸ் ஏறுமுன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டோம். இதை ஏன் இன்று சொல்கிறோம் என்றால், அந்த மகளிடமும் பேசினோம்.

"பஸ்ல உடுப்பப் பாத்ததுமே தோட்டக்காட்டான்னு சொல்றாங்க அக்கா. டெனிம் போட்டா யாருன்னு தெரியாது" என்றாள்.

டெனிம் போடுவதில் பிழை இல்லை. 1992ல் 200 கார்மெண்ட் திட்டம் வந்த நாள் முதல் ஊருக்கு ஊர் நம் நாட்டுப் பிள்ளைகள்தான் வெளிநாட்டுப் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். தைக்கிறவள் போட்டால் மட்டும் குற்றமா? அவள் சம்பளம், அவள் ஆசை. ஆனால் தோட்டத்துப் பிள்ளை என்று தெரியக்கூடாது என்று போடுகிறாள் பாருங்கள், அதுதான் நமக்கு நோகிறது. ஏச வேண்டியது பஸ்ஸில் அந்தச் சொல்லைச் சொன்னவனை. நாமோ லயத்து வாசலில் நின்று பிள்ளையை ஏசுகிறோம்.

அம்மாவிடமும் இதையே சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, போடட்டும். கோயிலுக்கு மட்டும் சேலை கட்டணும்" என்றார். மகள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். மாசி மகத்துக்கு முத்துமாரி அம்மன் தேர் பார்க்கப் போகையில் அம்மாவுக்கும் ஒரு சேலை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். "என்ன நெறம் வேணும்மா?" என்று கேட்டாளாம்.

அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.