கேட்டதை ஆராய்தல்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்றவன் நான். எழுத்துப் பிழையையும் சந்திப் பிழையையும் சிவப்பு மையால் சுழித்துக் காட்டுவதே என் தொழிலாக இருந்தது. ஆனால் நான் செய்த பெரும்பிழை ஒன்றைச் சுழித்துக் காட்ட எவரும் அன்று என் அருகில் இல்லை. அதனைச் சொல்லியே இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நான் ஓய்வு பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பிள்ளை பிடிக்கும் கூட்டத்தார் வடநாட்டிலிருந்து வந்து ஊர் ஊராகத் திரிகின்றனர் என்ற செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. உடன் சில படங்களும் இருந்தன. நான் சற்றும் ஆராயவில்லை. ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று ஒரு வரி சேர்த்து, என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். ‘ஐயாவே சொல்லிவிட்டார்’ என்று அவர்கள் தத்தம் குழுக்களுக்கு அதனை அனுப்பினர்.

அடுத்த மாதம் நிகழ்ந்தவற்றை நீங்கள் அறிந்திருக்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வ வழிபாட்டிற்காகச் சென்னையிலிருந்து சென்ற குடும்பம் ஒன்று, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அதனைக் கண்டோர் அவர்களைப் பிள்ளை பிடிப்போர் என்று கருதித் தாக்கினர். 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். பழவேற்காட்டில், வீடின்றித் திரிந்த ஒருவரும் அதே ஐயத்தால் கொல்லப்பட்டார். அக்காலத்தில் பழவேற்காடும் எங்கள் அம்பத்தூரும் ஒரே திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தன. என் விரல் அனுப்பிய செய்தி அங்கே சென்றது என்று எவராலும் சொல்ல இயலாது. செல்லவில்லை என்று உறுதி கூற என்னாலும் இயலாது. அவ்வெண்ணம் இன்றும் என் உறக்கத்தைக் கெடுப்பதுண்டு.

கல்லாதவன் ஏமாறுவான், கற்றவன் ஏமாறான் என்று நான் நம்பியிருந்தேன். அது தவறு. எழுத்தைப் படிப்பது வேறு. செய்தியைப் படிப்பது வேறு. பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் கோவலனைக் கொல்லச் செய்த பாண்டியன் கல்வியறிவில்லாத மன்னனா? சொன்னவன் யார், அவனுக்கு அதனால் வரும் பயன் யாது என்று ஒரு வினா எழுப்பியிருந்தால் மதுரை எரிந்திராது அன்றோ? அவ்வினாவை எழுப்பும் பயிற்சியையே இந்நாளில் ஊடகக் கல்வி என்கின்றனர். 1982ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனியில் உள்ள குரூன்வால்ட் என்னும் ஊரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, இக்கல்வி இளைஞருக்கு இன்றியமையாதது என்று அறிக்கை வெளியிட்டது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கண்ணூர் மாவட்ட ஆட்சியாளர் 2018இல் அரசுப் பள்ளிகளிலேயே இதற்கென வகுப்புகள் நடத்தச் செய்தார்.

நிற்க. இதனை எவ்வாறு கற்பிப்பது? மேனாம்பேட்டில், என் வீட்டிற்கு அருகே, சனிக்கிழமை மாலைகளில் இளைஞர் சிலர் கூடுகின்றனர். கல்லூரியில் பயில்வோரும், ஐ.டி.ஐ. படிப்போரும், தொழிற்பேட்டையில் வேலை பார்ப்போரும் அவர்களுள் உண்டு. தொடக்கத்தில் நான் சொற்பொழிவு ஆற்றினேன். அவர்கள் பொறுமையாகக் கொட்டாவி விட்டனர். பிறகு முறையை மாற்றினேன். அந்த வாரம் தமக்கு வந்த செய்தி ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டு வர வேண்டும். அதனிடம் நான்கு வினாக்கள் கேட்க வேண்டும். இதனை முதலில் சொன்னவர் யார்? எங்கே, எப்போது நிகழ்ந்தது? வேறு எவரெவர் இதனைச் சொல்கின்றனர்? இதனை நம்பினால் யார்மேல் எனக்குச் சினமோ அச்சமோ பிறக்கும்? இந்நான்கில் நான்காவதே மிகவும் பயன் தருவது என்பது என் அனுபவம். நம்மைப் பதறச் செய்யும் செய்தியே நம்மை ஆராயவிடாமல் தடுப்பது.

கருவிகளைப் பற்றி அவர்களே எனக்குக் கற்பித்தனர். பலமுறை கைமாறி வந்த செய்தியின்மேல் இரட்டை அம்புக்குறி தோன்றும் என்பதையும், ஒரு படத்தையே தேடுபொறியிடம் கொடுத்து அது முன்னர் எங்கெங்கே வெளியாயிற்று என்று காணலாம் என்பதையும் நான் அவர்களிடமே அறிந்தேன். 2018 கொலைகளுக்குப் பிறகு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது. நல்லதே. ஆயினும், ஆராயாதவனுக்கு ஐந்து இடமும் மிகுதியே.

இப்பயிற்சிக்கு 2023 மார்ச்சில் ஒரு சோதனை வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று காணொளிகள் பரவின. 1964இல் அமைக்கப்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வடமாநிலத்தார் பலர் உழைக்கின்றனர். எங்கள் தெருவிலும் ஒரே அறையில் ஐவர் குடியிருந்தனர். ஊரிலிருந்து தாயும் மனைவியும் அழுதுகொண்டே பேசினராம். அவர்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டனர். எங்கள் மன்றத்து இளைஞர் மூவர் அவ்வறைக்குச் சென்றனர். ‘பயப்படாதீர்கள்’ என்று வாளா சொல்லவில்லை. அவர்களுடைய கைப்பேசியிலேயே, அவர்கள் கண்முன்னே, அந்நான்கு வினாக்களையும் கேட்டனர். கோவையில் உள்ளூரார் இருவேறு குழுவாக மோதிக்கொண்ட காட்சிதான் ஒரு காணொளி என்று காவல்துறை விளக்கியிருந்ததைக் கண்டு காட்டினர். ஹோலிப் பண்டிகைக்காக ஊர் செல்வோர் புகைவண்டி நிலையத்தில் கூடுவதும் உயிருக்கு அஞ்சி ஓடும் கூட்டமாகச் சித்திரிக்கப்படுவதை எடுத்துரைத்தனர். படம் மெய், அதன் கீழ் எழுதிய சொல் பொய். ஐவரில் இருவர் அன்றிரவே புறப்பட்டுவிட்டனர், மூவர் தங்கினர். பின்னர் பீகார் அரசு அனுப்பிய குழுவினரும் இங்கு வந்து தொழிலாளரிடம் நேரில் கேட்டு, அச்சத்திற்கு இடமில்லை என்று கண்டனர். 2018இல் வடநாட்டாரைப் பற்றிய பொய்யை நான் பரப்பினேன். 2023இல் வடநாட்டாரை அச்சுறுத்திய பொய்யை இவ்விளைஞர் தடுத்தனர். ஆசிரியனைவிட மாணவர் உயர்ந்தனர்.

இத்திறமையை எவ்வாறு மதிப்பிடுவது? கணக்குக்கு விடைத்தாள் உண்டு. ஓட்டத்திற்குக் கடிகாரம் உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் முடித்தோர்க்குச் சான்றிதழ் உண்டு. ஆனால் பொய்ச் செய்தியைப் பிறருக்கு அனுப்பாது நிறுத்திய விரலுக்குச் சான்று யார் தருவார்? செய்யாமல் விட்ட செயல் கண்ணுக்குத் தெரிவதில்லையே!

ஐரோப்பிய நாடுகளில் 2007 முதல் ‘யூத்பாஸ்’ என்னும் சான்று வழங்கப்படுகிறது. இளைஞர் பணிகளில் ஈடுபட்டவர், தாம் கற்றது இன்னது என்று தம் சொற்களாலேயே அதில் எழுதுகின்றனர். தேர்வாளர் இட்ட மதிப்பெண் அன்று அது, கற்றவனின் வாக்குமூலம். அம்முறை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் மன்றத்தில் ஒரு குறிப்பேடு வைத்தோம். வந்த செய்தி, கேட்ட வினா, கண்ட விடை, பின்னர்ச் செய்தது என நான்கு பத்திகள். ஆண்டு முடிவில், தான் எழுதியதை அவரவர் எல்லார்முன்னும் படித்துக் காட்ட வேண்டும், மற்றவர் வினவலாம். அதில் தேறியவருக்கு நானும் உடனிருந்த நண்பர்களும் கையொப்பமிட்டு ஒரு கடிதம் தருகிறோம். வேலை தேடிச் சென்ற ஓர் இளைஞர், தொழிற்சாலை மேலாளர் அக்கடிதத்தையே நெடுநேரம் பார்த்து வினவினார் என்று வந்து சொன்னபோது நான் மகிழ்ந்தேன். அக்குறிப்பேட்டில் கடைசிப் பத்தியில் பெரும்பாலும் காணப்படுவது ஒரே ஒரு சொல்: ‘அனுப்பவில்லை.’ அதற்கு ஈடான மதிப்பெண்ணை என் ஆசிரிய வாழ்வில் நான் எவருக்கும் இட்டதில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் இத்தகைய குறிப்பேடு ஒன்றைத் தொடங்குங்கள். பெருஞ்செலவு இல்லை; நாற்பது தாள் நோட்டு ஒன்று போதும். பிழையை ஒப்புக்கொள்ளவும் அதில் இடம் வையுங்கள். எங்கள் ஏட்டின் முதற்பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. 2018 ஏப்ரலில் வந்த செய்தியை அங்கே எழுதியிருக்கிறேன். ‘கேட்ட வினா’ என்னும் பத்தி வெறுமையாக இருக்கிறது. கடைசிப் பத்தியில், ‘அனுப்பினேன்’ என்று எழுதியிருக்கிறேன். உங்கள் ஏட்டில் அந்தப் பத்தி ஒருநாளும் வெறுமையாக இராதிருக்கட்டும்.