விரல் நுனியில் ஒரு துளி

டெங்குக் காய்ச்சலால் வாடும் பிள்ளையின் விரலிற் சில மணி நேரத்துக்கொருமுறை ஊசி குத்தப்படுவதைக் காணும் தாய், "இளைத்த உடம்பிலிருந்து இன்னும் எத்தனை முறைதான் இரத்தம் எடுப்பார்கள்?" என்று மனம் வெதும்புகிறாள். அவ்வினா நியாயமானதே. ஆயினும் எடுக்கப்படுவது ஓரிரு துளிகளே.

அத்துளி மெல்லிய மயிர்த்துளைக் குழாயினுள் ஏற்றப்பட்டு, ஒரு முனை அடைக்கப்பெற்று, மிகு வேகத்துடன் சுழலும் மையநீக்கிப் பொறியில் ஏறத்தாழ 5 நிமிடம் சுழற்றப்படுகின்றது. செங்குழியங்கள் அடியிற் செறிய, வைக்கோல் நிறத் திரவவிழையம் மேலே தெளிந்து நிற்கும். முழு உயரத்திற் செந்நிறப் பகுதி நூற்றுக்கு எத்தனை என்பதே வைத்தியசாலையில் 'பி.சி.வி.' எனப்படும் அளவு. டெங்கு கடுமையாகும்போது திரவவிழையம் குருதிக் கலன்களினின்றும் கசிகின்றது. செங்குழியங்களோ உள்ளேயே தங்குகின்றன. ஆகவே 35 ஆக இருந்த அளவு 42 ஆக ஏறுமாயின், அஃது ஐந்திலொரு பங்கு ஏற்றம், அபாய அறிகுறி. காய்ச்சல் தணிந்ததென்று வீட்டார் மகிழும் வேளையிலேயே இது பெரும்பாலும் நேர்கின்றது.

ஈமோகுளோபினை அளக்கும் வழி வேறு. குருதியை ஒரு கரைசலிற் கலந்து, தோன்றும் நிறத்தின் செறிவை ஒளிகொண்டு அளப்பர். கருவுறாத பெண்ணொருத்திக்கு 100 மில்லிலீற்றரில் 12 கிராமுக்குக் குறைந்தால் அது குருதிச்சோகை.

கருவி எத்துணை நுண்ணியதாயினும், குருதி எடுக்கும் கை தவறினாற் பயனில்லை. கையிற் கட்டிய பட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருந்தால் அளவு கூடிக் காட்டும். விரலைப் பிழிந்தாலோ இழைய நீர் கலந்து குறைத்துக் காட்டும்; பிழிந்தெடுத்த அந்த ஒரு துளி, பிள்ளைக்கு ஏறிவிட்ட அளவை வைத்தியரிடமிருந்து மறைத்துவிடக்கூடும். குளிர்ந்த கையை இளஞ்சூடாக்கி, முதற்றுளியைத் துடைத்தகற்றி, அடுத்த துளி தானாகத் திரளும்வரை பொறுத்திருப்பதே முறை.