உரத்தில் பாதி காற்றுக்கா? கரிமண்ணில் செம்பு செய்யும் வேலை



நாம் போடும் உரம் எங்கே போகிறது? இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. ஜொகூர் பொந்தியான் மாவட்டத்திலுள்ள பெக்கான் நானாஸை வைத்தே பேசுகிறேன். பெயரிலேயே அன்னாசி இருக்கும் ஊர் அது. அந்த வட்டாரத்து அன்னாசிக்குப் பேர்போன நிலம், மலாயில் 'தானா காம்புட்' என்கிறோமே, அந்தக் கரிமண். மரமும் வேரும் இலையும் நீரில் ஊறி, முழுதாக மட்காமல் பல நூற்றாண்டுகளாகத் தேங்கிய மண். நல்ல புளிப்பு மண்; பி.எச். அளவு 3 முதல் 4 வரைதான்.

இந்த மண்ணில் யூரியா போடுகிறோம். செடி எடுத்தது போக மிச்சத்தைப் பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்கின்றன. யூரியா அம்மோனியாவாகி, பிறகு நைட்ரேட் ஆகிறது. காற்றுக் குறைந்த ஈர மண்ணில் அந்த நைட்ரேட் படிப்படியாகச் சிதைகிறது. கடைசிப் படிக்கு முந்தைய படியில் பிறப்பதுதான் நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரிப்பூட்டும் வாயுவேதான். ஆனால் வானத்தில் அது சிரிக்கும் விஷயமல்ல. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டும். நூறாண்டுக்கு மேல் காற்றில் தங்கும். ஓசோன் படலத்தையும் அரிக்கும். இன்று மனிதர் வெளியிடும் பொருள்களில் ஓசோனுக்கு அதிகக் கேடு செய்வது இதுவே என்று, இந்தியாவில் பிறந்த ரவிசங்கரா என்ற அறிவியலாளர் தம் குழுவினருடன் 2009இல் எடுத்துக் காட்டினார்.

இதற்கு மாற்று மண்ணிலேயே இருக்கிறது. சில பாக்டீரியாக்களிடம் ஒரு நொதி உண்டு. இரண்டு ஒரே மாதிரியான பாதிகள் சேர்ந்தது அது. ஒவ்வொரு பாதியிலும் 6 செம்பு அணுக்கள். அவற்றில் 2 ஒரு பக்கம் நின்று எலக்ட்ரான்களை வாங்குகின்றன. மற்ற 4, கந்தகத்தோடு கூடி நின்று, வாயுவைப் பிடித்து அதன் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கின்றன. மிஞ்சுவது சாதாரண நைட்ரஜனும் தண்ணீரும். நைட்ரஜன் நம் காற்றில் 78 விழுக்காடு இருப்பது. யாருக்கும் கெடுதல் இல்லை. மண்ணில் இந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை என்றே சொல்லலாம்.

அப்படியானால் கரிமண்ணில் என்ன சிக்கல்? மூன்று சிக்கல்கள். முதலாவது புளிப்பு. இந்த நொதி பாக்டீரியாவின் உட்சவ்வுக்கு வெளியே உருவாகி முடிவது. அதனால் மண்ணின் புளிப்பு அதை எட்டுகிறது. நொதி ஒழுங்காக அமைவதில்லை. இரண்டாவது செம்புப் பஞ்சம். கரிமண்ணின் மட்கு, செம்பை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றாவது காற்று. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் ஆக்சிஜன் உள்ளே புகுந்து நொதியை முடக்கும். கரிமண்ணும் மட்கி, உரம் போடாமலேயே நைட்ரஜனை அவிழ்த்துவிடும். ஆக, முந்தைய படிகள் நடக்கின்றன. கடைசிப் படி தடைபடுகிறது. வாயு மேலே போகிறது.

"சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிக்கலாமே?" என்று கேட்பீர்கள். அன்னாசிக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். தவிர, சுண்ணாம்பு பட்டால் கரிமண் இன்னும் வேகமாக மட்கும். "மயில்துத்தத்தைக் கொட்டினால்?" கரிமண் அன்னாசியின் செம்புக் குறையைத் தீர்க்க அதை அளவாகக் கரைத்து இலைமேல் தெளிப்பது உண்டு. அது செடிக்கு மருந்து. மண்ணில் அள்ளிக் கொட்டினால் செம்பே நஞ்சாகும். புளிப்பும் அப்படியே இருக்கும்.

நார்வே ஆய்வாளர்கள் இந்த நொதி உள்ள பாக்டீரியாவைச் சாண எரிவாயுக் கலன் போன்ற கலத்தின் கழிவில் வளர்த்து, உரத்தோடு வயலில் இட்டார்கள். வாயு 50 முதல் 95 விழுக்காடு வரை குறைந்ததாக 2024இல் வெளியிட்டார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அது அவர்கள் மண். நம் கரிமண்ணில் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது என்ன? பாக்டீரியாவின் கடைசிப் படி பலவீனம் என்று தெரிந்த பிறகு, அதன்மேல் சுமையை ஏற்றாமல் இருப்பதுதான். ஒரே தடவையில் கொட்டாமல், செடி வளரும் வேகத்துக்கு ஏற்பப் பிரித்துப் போடுங்கள். அன்னாசி இலை வழியாகவும் உணவெடுக்கும் செடி. தெளிப்பு உரம் அதற்கு ஏற்றது. பெருமழை வரும் வேளையில் உரப்பையைத் திறக்காதீர்கள். வாய்க்கால் நீரை வேண்டிய அளவுக்கு மேல் இறக்காதீர்கள்.

காற்றில் போகும் ஒவ்வொரு பிடி உரமும் உங்கள் ரிங்கிட்தான். அதைக் காப்பது உங்கள் வீட்டுக் கணக்குக்கும் நல்லது, நம் பிள்ளைகள் மூச்சுவிடப் போகும் வானத்துக்கும் நல்லது.