குளிர் காயும் அடுப்பை மாற்றும்போது

(நீலகிரி மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மழை ஓய்ந்து உறைபனி தொடங்கும் காலம் நெருங்கிவிட்டது. மார்கழியிலும் தையிலும் புல்லின்மேல் வெண்பனி படியும் இம்மலையில், வீட்டைச் சூடாக வைத்திருப்பது ஆடம்பரமன்று. உணவும் உடையும் போல அதுவும் ஒரு தேவையே. கைக்குழந்தையும் மூப்படைந்தோரும் உள்ள வீட்டில் அத்தேவை இன்னும் பெரிது. குளிர்காலத்தில் வீட்டின் உட்புறம் 18 டிகிரி செல்சியசுக்குக் குறையாதிருப்பது நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது.

2016-ஆம் ஆண்டில் உஜ்வலா திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர் எரிவாயு அடுப்பு ஏழை எளியோர் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது. சமவெளியில் அத்துடன் புகையின் கதை பெரும்பாலும் முடிந்திருக்கலாம். இங்கு முடியவில்லை. சோறு எரிவாயுவில் வேகிறது. ஆனால் எரிவாயு வீட்டைச் சூடேற்றுவதில்லை. ஆகவே மாலையானதும் பழைய விறகடுப்போ, கணப்புச் சட்டியோ மீண்டும் மூட்டப்படுகிறது. அந்தப் புகை மீண்டும் தாய்மார்களின் நெஞ்சுக்குள்ளேயே செல்கிறது. வீட்டினுள் எழும் புகையினால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

பழுதடைந்த அடுப்பை மாற்ற வேண்டும், எந்த அடுப்பை வாங்கலாம் என்று பலரும் எங்களைக் கேட்கின்றனர். கடைக்காரர் காட்டும் பளபளப்பைக் கண்டு குழுக்கடனில் கையெழுத்திடுவதற்கு முன்னர், நாம் சிந்திக்க வேண்டியவற்றை இன்று ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, பழைய அடுப்பு உண்மையிலேயே பயனற்றுப் போய்விட்டதா என்பது. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பை எடுத்துக் கொள்வோம். மேலே குச்சிகளைக் கொட்டும் தொட்டி, அதிலிருந்து அவற்றைச் சிறிது சிறிதாகத் தள்ளும் திருகு, தீ மூட்டும் மின்கம்பி, காற்றூதும் விசிறி, சாம்பல் தட்டு, இவையே அதன் உறுப்புகள். மின்கம்பி தேய்ந்து போனாலும், விசிறி நின்று போனாலும், கதவின் ஓரத்து அடைப்புக் கயிறு நைந்து போனாலும் அவ்வுறுப்பை மட்டும் மாற்றினால் போதும். தீயறையின் இரும்பு வெடித்திருந்தாலோ, அரித்து ஓட்டை விழுந்திருந்தாலோ அந்த அடுப்பை மேற்கொண்டு மூட்டலாகாது. உதிரி உறுப்புகள் கிடைப்பது அடியோடு நின்றுபோன அடுப்பையும் மாற்றுவதே அறிவுடைமை.

இரண்டாவது, எரிபொருள். அடுப்பை ஒருமுறை வாங்குகிறோம்; எரிபொருளை ஆண்டுதோறும் வாங்குகிறோம். 2000-க்குப் பிந்திய பத்தாண்டில் தமிழ்நாடு, கருநாடகம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் பெல்லட் எரிக்கும் விசிறிச் சமையலடுப்புகள் லட்சக்கணக்கில் விற்பனையாயின. அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஆனால் வேளாண் கழிவுகளை ஆலைகளும் போட்டியிட்டு வாங்கத் தொடங்கியதும் குச்சிகளின் விலை ஏறியது; வரத்தும் குறைந்தது. ஆயிரமாயிரம் வீடுகளில் அடுப்பு மூலையில் ஒதுங்கியது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. இந்த ஆண்டு குச்சி கிடைக்குமா என்று கேட்பது போதாது. ஐந்தாண்டுகளுக்குப் பின்னரும் இந்த மலைப்பாதையில் மூட்டைகளைக் கொண்டு வந்து தருவோர் இருப்பார்களா, ஒருவர் நிறுத்தினால் மற்றொருவர் உண்டா என்று கேட்க வேண்டும். ஒரே வணிகரிடம் மட்டுமே கிடைக்கும் எரிபொருளை நம்பி அடுப்பு வாங்குவது, ஒற்றை ஊற்றை நம்பி ஊரை அமைப்பது போன்றது.

குச்சியின் தரத்தையும் வாங்குவோர் அறிந்திருத்தல் வேண்டும். வீட்டுக் கணப்புக்கான குச்சி பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீட்டர் பருமனுடையது. நன்கு அழுத்திய குச்சி நீரில் இட்டால் முதலில் மூழ்கும், மிதப்பது தளர்வானது. மூட்டையின் அடியில் தூள் மிகுந்திருத்தல் ஆகாது. தூய மரத்தூள் குச்சியின் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. நெல் உமியிலோ சாம்பல் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கும் மேல் உண்டு. மரக் குச்சிக்காகச் செய்யப்பட்ட அடுப்பில் உமிக் குச்சியை இட்டால் சாம்பல் கட்டிப்பட்டுத் தீக்கிண்ணத்தை அடைத்துவிடும். மேலும், ஈரம் பட்ட குச்சி மீண்டும் தூளாகிவிடும். மாதக்கணக்கில் தூறல் விழும் இவ்வூரில் மூட்டைகளை அடுக்கக் காற்றோட்டமுள்ள உலர்ந்த இடம் வீட்டில் உண்டா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். பெல்லட் அடுப்பின் திருகும் விசிறியும் மின்சாரத்தால் இயங்குகின்றன. புயல் மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், குளிர் மிகுந்த அந்த இரவிலேயே அடுப்பும் நின்றுவிடும். எனவே அதை வாங்குவோர் மின்கலத்துடன் கூடிய இன்வெர்ட்டரின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மின்தடை மிகுந்த சிற்றூருக்குக் கதவடைப்புள்ள சாதாரண விறகுக் கணப்படுப்பே ஏற்றது. அதற்கு மின்சாரம் வேண்டா.

நான்காவது, அளவு. பழைய அடுப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரியதையே மீண்டும் வாங்க வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டு அடிச் சதுரமும் ஒன்பது அடி உயரமும் உள்ள ஓர் அறையைச் சூடாக வைக்க ஏறத்தாழ 2 முதல் 3 கிலோவாட் வெப்பம் போதும். அவ்வறையில் 8 கிலோவாட் அடுப்பை வைத்தால் எப்போதும் அதனை அடக்கியே எரிக்க நேரும். அடக்கி எரித்த தீ கரியையும் புகையையும் பெருக்கும், குழாயும் அடைபடும். தகரக் கூரையின் அடியில் பலகைத் தளம் அமைத்து, சன்னல் இடுக்குகளில் வீசும் குளிர்காற்றைக் குறைத்தால், அதைவிடச் சிறிய அடுப்பே போதுமானதாகும். கூரையைச் சீர்செய்யும் செலவு ஒருமுறை. விறகின் செலவு ஒவ்வோர் இரவும் உண்டு. ஆயினும் புதிய காற்று நுழையும் வழியை மட்டும் ஒருபோதும் அடைக்கலாகாது.

இனி, செலவை நீங்களே கணக்கிடும் வழியைச் சொல்லுகிறோம். இரவில் 5 மணி நேரம், 2 கிலோவாட் வீதம், 10 யூனிட் வெப்பம் வேண்டும் என்று கொள்வோம். நல்ல பெல்லட் அடுப்பில் ஒரு கிலோ குச்சி ஏறத்தாழ மூன்றரை யூனிட்டை அறைக்குத் தரும். ஆகவே இரவுக்கு 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். கதவுள்ள இரும்புக் கணப்படுப்பில் உலர்ந்த விறகு ஒரு கிலோவுக்கு இரண்டரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தரும். ஆகவே 4 கிலோவுக்குச் சற்று அதிகம். சுவரில் பதித்த திறந்த கணப்பில் பச்சை விறகை எரித்தாலோ வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். அதே வெப்பத்துக்கு 30 கிலோவுக்கும் மேல் வேண்டும். மின்கணப்பானில் 10 யூனிட் மின்சாரம் செலவாகும். இரண்டு மாதத்தில் அது 600 யூனிட். பயன்பாடு கூடக்கூட விகிதமும் ஏறும் கட்டண முறையில் அதன் சுமையை நீங்களே அறிவீர்கள். ஒவ்வோர் எண்ணையும் உங்கள் ஊர் விலையால் பெருக்கி, 90 இரவுகளுக்குக் கணக்கிடுங்கள். பெல்லட்டுக்கு 25 கிலோ மூட்டை பத்துக்குச் சற்று அதிகம். உலர்விறகுக்கு நானூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எது மலிவு என்று எவரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. விறகை உலர்த்துவதே மிகப் பெரிய சிக்கனம். பச்சை விறகின் எடையில் பாதியளவு நீர். தீயின் வலிமை அந்த நீரை ஆவியாக்குவதிலேயே கழிகிறது. தேயிலைக் கவாத்துக் குச்சியும் சீகை விறகும் நம்மிடம் உள்ளன. அவற்றைக் கோடையிலேயே பிளந்து, மேலே மூடி, பக்கங்களில் காற்றுப் புகுமாறு அடுக்கி வைத்தால், பனிக்காலத்தில் பாதி விறகு மிச்சமாகும். காட்டெருமை உலவும் சோலை ஓரத்துக்குத் தாய்மார்கள் சுமைக்காகச் செல்லும் நாட்களும் குறையும்.

ஐந்தாவதாகவும் தலையாயதாகவும் கூற வேண்டியது பாதுகாப்பு. புகை வெளியே செல்லும் குழாயின்றி எந்த அடுப்பையும் படுக்கும் அறையில் வைக்கலாகாது. கரி கனலும் சட்டியில் புகை தெரிவதில்லை என்பதனால் அதில் தீங்கில்லை என்று எண்ணுவது உயிரைப் பறிக்கும் நம்பிக்கை. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், வாந்தி, அயர்வு ஆகியன அதன் அறிகுறிகள். உறங்குவோர் அவற்றை உணராமலே மாண்டுபோவர். அறிகுறி தோன்றினால் உடனே எல்லோரும் திறந்தவெளிக்கு வந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

பழைய குழாயைப் புதிய அடுப்புக்கு அப்படியே பொருத்தலாம் என்று எண்ண வேண்டா. விறகுக் கணப்படுப்பின் குழாய் பெரும்பாலும் 6 அங்குலம். பெல்லட் அடுப்பின் குழாய் 3 அல்லது 4 அங்குலம். ஒன்று மற்றொன்றுக்கு ஒவ்வாது. குழாயின் தலை கூரையைத் தாண்டி உயர்ந்திருக்க வேண்டும். மரத்தூண், திரைச்சீலை ஆகியவற்றினின்று விலகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனுள் படிந்த கரியைத் துடைத்தெடுக்க வேண்டும்; படிந்த கரியே தீப்பற்றிக் கூரையை எரித்துவிடக்கூடும்.

1983-ஆம் ஆண்டில் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பெற்று 2002 வரை நடைபெற்றது. கோடிக்கணக்கான வீடுகளில் அடுப்பு அமைக்கப்பெற்றும், பராமரிப்பார் இல்லாமையால் அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. அடுப்பைக் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை என்பதை அத்திட்டம் நமக்குக் கற்பித்தது. எனவே எங்கள் வேண்டுகோள் இதுவே. தனித்தனியே வாங்காமல் ஊருக்குப் பத்து வீடுகளாகச் சேர்ந்து, ஒரே வகை அடுப்பைத் தேர்ந்தெடுங்கள். உதிரி உறுப்புகள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் பெறுங்கள். உங்கள் குழுவிலிருந்தே இருவர் குழாய் துடைக்கவும் விசிறி மாற்றவும் பழகிக் கொள்ளட்டும். கூலியும் ஊரிலேயே தங்கும்.

தொகுத்துச் சொன்னால், மின்சாரம் நிலையாக உள்ள ஊரில், இருவரேனும் மூட்டை கொண்டுவந்து தருமிடத்தில், பெல்லட் அடுப்பு தகும். விறகு அருகிலும் மின்தடை மிகுதியாகவும் உள்ள ஊரில் குழாயுடைய இரும்புக் கணப்படுப்பே தகும். இரண்டில் எதுவாயினும், வாங்கும் முன் கூரையை அடையுங்கள், விறகை உலர்த்துங்கள், குழாயை அளந்து பாருங்கள். வீட்டில் எந்த அடுப்பு எரிய வேண்டும் என்பதை, அதன் முன் அமர்ந்து புகையை உண்ணும் தாயின் சொல்லைக் கேட்டே முடிவு செய்யுங்கள். அவ்வாறு முடிவு செய்து மனுவுடன் வரும் குழுக்களுக்கு வேண்டிய உதவியைச் செய்ய எங்கள் அலுவலகம் காத்திருக்கிறது.