ஐந்தடி ஜாஸும் நம் சொற்கட்டும்



பெங்களூர் இரயில் நிலையத்தை அடுத்த ஒக்கலிபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இராமநவமி வந்தால் சாமராஜப்பேட்டைத் திடலில் கச்சேரி கேட்டுத் தாளம் போடுகிறோம். அதே கை, ஜாஸ் என்னும் அமெரிக்க இசையின் சில உருப்படிகளைக் கேட்கையில் திகைத்து நின்றுவிடுகிறது. காரணம் என்ன?

ஜாஸ் பெரும்பாலும் நான்கடியில் நடப்பது. டேவ் புரூபெக் குழுவினர் 1959-இல் வெளியிட்ட 'டைம் அவுட்' இசைத்தட்டு அவ்வழக்கத்தை மீறியது. அதில் பால் டெஸ்மண்ட் இயற்றிய 'டேக் ஃபைவ்' ஐந்தடி கொண்டது. நான்காக எண்ணுவோருக்கு இரண்டாம் சுற்றிலேயே சமம் தவறிவிடும்.

வழி எளிது. முதலில், மெட்டை விடுத்துப் பியானோவைக் கவனிப்போம். அது வாசித்ததையே மீண்டும் தொடங்கும் இடமே சமம். அடுத்து, இரு சமங்களுக்கு இடையே உள்ள அடிகளை எண்ணுவோம். பின்னர், அவற்றை இரண்டும் மூன்றுமாகப் பகுப்போம். 'தகிட தக' என்று விடை வரும். நம் கண்டசாபுவோ 'தக தகிட'. எண் ஒன்றே, அழுத்தம் விழும் இடம் வேறு. ஆகவே, எண்ணிக்கை மட்டும் தாளமாகிவிடாது.

அத்தட்டிலுள்ள 'புளூ ரோண்டோ' ஒன்பது. அதை மும்மூன்றாகப் பகுத்தால் வழுக்கும். 'தக தக தக தகிட' என மூன்று சுற்று. நான்காவதில்தான் 'தகிட தகிட தகிட'. நம் சங்கீர்ணமாகிய 'தகதிமி தகதகிட'வும் முன்னதன் பகுப்பே அன்றோ! ஆயினும், இது நம்மிடமிருந்து சென்றது எனப் பெருமை பேசலாகாது. புரூபெக் அதைத் துருக்கியின் தெருக்கலைஞரிடம் கேட்டார். பூட்டு எவருடையதாயினும், திறவுகோல் நம்மிடமும் உண்டு என்பதே மகிழ்ச்சி.

அதற்குப் பெங்களூரே சான்று. டி. ஏ. எஸ். மணி 1964-இல் நிறுவிய கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியின் கலைஞர்கள், ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் இணைந்து 1983-இல் 'ஜோதி' என்னும் இசைத்தட்டை அளித்தனர். இராமமணி அதில் பாடினார்.

அயல் மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் தமிழெழுத்தை மறந்துவிடுவரோ என அஞ்சுகிறோம். சொற்கட்டுக்கு எழுத்தும் வேண்டா. வாயும் கையும் போதும். இன்றிரவு உணவுக்குப்பின் அவர்களை அருகமர்த்தி, 'தகிட தக' என்று தொடையில் தட்டிக் காட்டுவோம். உலகின் எந்த இசை எதிர்ப்பட்டாலும் அவர்கள் கை திகைத்து நில்லாது.