அடுக்களை அரசி ஆளுவது எதனை?



பெண்கள் எழுதிய சிறுகதைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கமக்காரரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் மருத்துவரும் நிறைந்திருக்கும் இவ்வவையிலே கதை பேசிப் பொழுதுபோக்க நான் எழவில்லை. பெண்ணை ‘இல்லத்தரசி’ என்றழைத்துப் பெருமைகொள்கிறோம். அரசியென்றால் அவளுக்கு ஓர் ஆட்சி இருத்தல் வேண்டுமன்றோ? அவ்வாட்சியின் எல்லை யாது என்னும் கேள்வியை நம் மொழியின் சிறந்த பெண் எழுத்தாளர்கள் எழுப்பியிருக்கின்றனர்.

அம்பை என்னும் புனைபெயரில் எழுதிவரும் சி. எஸ். லக்ஷ்மி 1944இல் கோயம்புத்தூரிலே பிறந்தவர்; 2021ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்றவர். 1988இல் வெளிவந்த ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்னும் அவரது தொகுதியின் தலைப்புக் கதையை எடுத்துக்கொள்வோம்.

இராசத்தானத்துப் பெருங்குடும்பம் ஒன்று. வீடு பெரிது; சமையலறையோ ஒரு மூலையிலே. தெற்கிலிருந்து மருமகளாய்ச் சென்ற மீனாட்சி, சமையலறையை ஒட்டிய விறாந்தையை விரிவாக்கலாமே என்கிறாள். மாமனார் சினந்து சீறவில்லை, கையோங்கவுமில்லை. அவ்விறாந்தையிலே துணி காயவிடக் கொடிகள் கட்டப்படுகின்றன. சன்னலூடே தெரிந்த மலை, தொங்கும் துணிகளின் பின்னே மறைந்துபோகிறது. அவ்வளவுதான். உரத்த சொல் ஒன்றுமின்றியே ஒரு பெண்ணின் கருத்துத் தள்ளுபடியாகிவிட்டது!

இதனினும் கூர்மையானது மாமியாரின் நிலை. அடுக்களையும் அணிகலனுமே பெண்ணின் பலம், அவளது அதிகாரம் அவற்றிலிருந்தே பிறக்கிறது என்று அவ்வம்மையார் நம்புகிறார். மருமகளுக்கும் அதனையே போதிக்கிறார். அவரைக் கொடுமைக்காரி என்று கூறிவிட முடியாது. வேறெந்த ஆட்சியும் மறுக்கப்பட்ட அவர், கிடைத்த மூலையைக் கோட்டையென எண்ணிக் காத்து நிற்கிறார். அவர் நோயுற்றுக் கிடக்கையில், பக்கத்திலிருந்து அந்நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்குபவள் மருமகளே. மாமியும் மருமகளும் பிறவிப் பகைவர் என்னும் பழங்கதை அவ்விடத்திலே முறிந்துபோகிறது.

ஆர். சூடாமணி (1931–2010) வேறொரு வாயிலைத் திறந்தவர். பிரமசரியம் முதல் துறவு வரை வாழ்வை நான்கு நிலைகளாக வகுத்த முன்னோர் ஆடவரையே பெரிதும் மனத்திற்கொண்டனர். ‘நான்காம் ஆசிரமம்’ என்னும் கதையிலே சூடாமணியின் நாயகி, மூன்று மணவாழ்வுகளைக் கண்டபின் தனிமையைத் தன் நான்காம் நிலையாகக் கேட்கிறாள். மகள், மனைவி, தாய் என்னும் பெயர்களுக்கு அப்பால் ‘நான்’ என்றொருத்தி உண்டு என்பதே அவளது வழக்கு.

இவை இந்தியாவிலே நிகழும் கதைகள், நமக்கென்ன என்பீர்களோ? நம் தேசவழமையை நோக்குங்கள். சீதனக் காணியின் உறுதி மனைவியின் பேரிலே இருக்கும். ஆயினும் யாழ்ப்பாணத்தவரின் விவாக உரிமைகளும் முதுசமும் பற்றிய 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் அக்காணியை விற்கலாகாது என விதித்தது. கணவன் நியாயமின்றி மறுப்பின் அவள் நீதிமன்றப் படியேற வேண்டும். காணி அவளுடையது, முடிவு அவனுடையது! 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே, நாட்டை ஆள்வோரைத் தெரிவுசெய்யத் தகுந்தவள் என்று இலங்கைப் பெண் ஏற்றுக்கொள்ளப்பட்டாள். நாட்டைப் பற்றி முடிவுசெய்யத் தகுந்தவள், தன் காணியைப் பற்றி முடிவுசெய்யத் தகாதவளோ?

சட்டத்தைத் திருத்தும் பணி சட்டமறிந்தோரின் கடன். வீட்டைத் திருத்தும் பணி நம் ஒவ்வொருவரின் கடன். இக்கதைகளை வாங்கிப் பெண்களின் கையிலே கொடுத்ததோடு நின்றுவிடாமல் ஆடவரும் படித்தல் வேண்டும். நாற்று நட்டுக் களை பிடுங்குபவளிடம், எந்த நெல்லை விதைப்பது, எவ்வளவு கடன் வாங்குவது என்று கேளுங்கள். கந்தோரால் திரும்பி அடுப்பு மூட்டுபவளிடம், அவள் சம்பளம் எதற்குச் செலவாக வேண்டுமென்று கேளுங்கள். கேட்டபின், அவள் சொல்லுக்குக் குறுக்கே துணிக்கொடி கட்டிவிடாதீர்கள்.